கீழே வைத்த கோப்பை

— அப்படி இல்ல, கிடாவா அக்கா, பெல்ட்டை இந்தப் பக்கம் இழுத்து மாட்டுங்க. இது உங்க பெம்பாத் தீவு இல்ல, மஸ்கட். பெல்ட் போடாம வண்டி நகர்ந்தா மேலே இருக்கிற கேமரா பிடிச்சிரும்.

— என் ரப்பே, ப்ளேன்லயும் கட்டிப் போட்டாங்க, இறங்கினதும் நீயும் கட்டிப் போடறே. சொல்றேன் கேளு தங்கச்சி, எங்க ஊர்ல கிராம்பு மூட்டை மேலே உட்கார்ந்து இருபது மைல் போவேன். விழுந்தா மூட்டைதான் எனக்கு மெத்தை.

— இங்க விழறதுக்கு மெத்தை கிடையாது. மாட்டிட்டீங்களா? அந்தத் தண்ணி பாட்டிலை எடுத்துக் குடிங்க.

— தாகமே இல்லியே.

— தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற தப்பு அதுதான். வேர்வையே தெரியாது, காத்து உறிஞ்சிடும். திடீர்னு தலை சுத்திக் கீழே விழுவாங்க. குடிங்க.

— சரி, சரி, குடிக்கிறேன். உஸ்தாத் நாசர் வருவார்னுதான் ஊர்ல சொன்னாங்க. இங்கிருந்து கடுதாசி எல்லாம் எழுதினது அவர்தானே. நீ யாருன்னு இன்னும் தெளிவாச் சொல்லல.

— அவர் வர்றதாத்தான் இருந்தார். நான் போறேன்னு சொல்லி நான் வந்துட்டேன். என் பேர் ஜுவைனா. மத்ரா பக்கம் வீடு.

— எங்க சுவாஹிலியை எங்களை விடச் சுத்தமாப் பேசறியே!

— எங்க அம்மா சான்சிபார்ல பிறந்தவங்க. திட்டணும்னா சுவாஹிலி, கொஞ்சணும்னா அரபி. அதனால எனக்குச் சுவாஹிலிதான் நல்லா வரும்.

— ஆங், இந்தச் சிரிப்பு நல்லா இருக்கு! ப்ளேன்ல இருந்து இறங்கி வந்தப்ப உன் மூஞ்சியைப் பார்த்து, இது என்னடா, மய்யித்து எடுத்த வீட்டுல இருந்து நேரா வந்தவ மாதிரி இருக்காளேன்னு பயந்தே போயிட்டேன்.

— ராத்திரி தூங்கல. அவ்வளவுதான். சால்வை கொண்டு வந்தீங்களா?

— இந்த வெயிலுக்குச் சால்வையா?

— வெளியில வெயில். உள்ளே போனா ஐஸ் பெட்டி. கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லா இடத்துலயும் ஏசி எலும்பைக் குத்தும். கவனமாக் கேளுங்க, ஒரு சால்வை எப்பவும் தோள்ல கிடக்கணும். பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு சுத்தாதீங்க, அதை அறையில பூட்டிட்டு நகலை மட்டும் பையில வைங்க. போனுக்கு சிம் வாங்கணும்னா மட்டும் அசல் வேணும்.

— போனா? அதை ஏன் கேக்கறே. அக்கா மகன் கொடுத்த போன் படகுல தண்ணி பட்டு செத்துப்போச்சு. புதன்கிழமை எங்க தீவுல வேட்டே துறையில படகேறினேன். கடல் கொந்தளிப்பு. வியாழக்கிழமை பூரா டாங்காத் துறைமுகத்துல சாக்கு மேலே படுத்துக் கிடந்தேன். அப்புறம் பஸ்ஸு, அப்புறம் ப்ளேன். மூணு நாளா எனக்கும் உலகத்துக்கும் பேச்சே இல்ல.

— தெரியும். கூப்பிட்டுப் பார்த்தோம்.

— யாரு, உஸ்தாதா? என்ன விஷயமாம்?

— ...நீங்க எந்த ப்ளேன்ல வர்றீங்கன்னு கேக்கத்தான். மடியில என்ன பை அது, இறக்கி வைங்களேன்.

— இறக்க மாட்டேன். இதுல என் மகன் மகாமேக்கு ரொட்டி இருக்கு. தேங்காப்பால் ஊத்தி அரிசிமாவுல சுட்டது. மூணு நாள் ஆச்சு, கெட்டுப் போகக் கூடாதுன்னு படகுல காத்துல பிடிச்சுக்கிட்டே வந்தேன். காய்ஞ்ச கணவாய் கொஞ்சம். ஒரு தொப்பி, நானே பூப்போட்டது, ஏழு மாசம் ஆச்சு. அப்புறம் கிராம்பு எண்ணெய், அவன் நெஞ்சுல தேய்க்க. இருமல் நிக்கலைன்னு போன மாசம் கடுதாசி வந்துச்சு.

— மருந்து சாமான்லாம் சீட்டு இல்லாம கொண்டு வந்தா சுங்கத்துல பிடிப்பாங்க. உங்க அதிர்ஷ்டம்.

— அந்தப் பையன் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "அம்மா, வீட்டு வாசனை அடிக்குது"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டான். அவனும் எங்க பக்கத்து ஆளு போல. ஜெயிலுக்குள்ள விடுவாங்களா இதை?

— மீன் கொண்டு போறீங்கன்னா நல்லா இறுக்கிக் கட்டுங்க. வண்டி நாறும்.

— நான் ஜெயிலைக் கேட்டேன்.

— சாலையைக் கடக்கும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. பெரிய ரோட்டுல கோடு போட்ட இடத்துல மட்டும்தான் கடக்கணும். வண்டியெல்லாம் பறக்கும். டாக்சி ஏறினா ஏறறதுக்கு முன்னாடியே எங்கே போகணும், எவ்வளவுன்னு பேசிடுங்க. பொம்பளைங்க பின் சீட்டு. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் கடை இருக்காது. யார் வீட்டையும் யார் பொம்பளைங்களையும் போட்டோ எடுக்கக் கூடாது.

— போன்தான் செத்துப்போச்சே, எதை வச்சு எடுக்க! நீ இந்த வேலையைத்தான் பார்க்கறியா? புதுசா வர்றவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து பாடம் நடத்தறது?

— இல்ல. இதுதான் முதல் தடவை.

— நல்லாப் பண்றே. மூச்சு மட்டும் விட்டுக்கோ. ஏய், தங்கச்சி, அந்தப் பெரிய சாம்பிராணிச் சட்டி மாதிரி மலை மேலே கட்டி வச்சிருக்காங்களே, அதை இப்பவே ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஒரே மாதிரி ரெண்டு இருக்கா, இல்ல நாம ஒரே இடத்தைச் சுத்தறோமா?

— கடற்கரை ரோட்டைக் காட்டலாம்னு.

— ரெண்டு தடவையா?

— ...வண்டியை நிறுத்தறேன். பிளாஸ்க்குல காப்பி கொண்டு வந்திருக்கேன், பேரீச்சம்பழமும் இருக்கு. இந்தச் சுவர் மேலே கொஞ்ச நேரம் உட்காருவோம். நாளைக்கு நீங்க உங்க மகனுக்காகக் கையெழுத்துக் கேக்க அந்த வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு.

— உட்காரலாம். இந்தத் துறைமுகத்துப் பக்கத்துலதானே மீன் சந்தை?

— அதோ, அந்த வளைஞ்ச கூரை.

— அதுவா. ... அங்கதானா.

— அந்தப் பக்கம் பார்க்காதீங்க அக்கா. கடலைப் பாருங்க.

— பார்க்காம? ரெண்டு வருஷமா கண்ணை மூடினா அந்த இடத்தைத்தான் பார்க்கறேன், கண்ணால பார்க்காமலே. ரெண்டு பசங்களும் ஒண்ணா ஐஸ் தூக்கினவங்க. ஒரே தட்டுல தின்னவங்க. ஐஸ் பெட்டியைத் தூக்கறது உன் முறையா என் முறையான்னு ஒரு வாய்ச் சண்டை. என் மகன் நெஞ்சுல கை வச்சுத் தள்ளினான். தரையெல்லாம் மீன் தண்ணி. அந்தப் பையன் ஹைதம் வழுக்கி, சிமெண்டு மேடையோட விளிம்புல தலை பட்டு... யா அல்லா. மகாமே அவனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினானாம். செருப்பில்லாம.

— தெரியும்.

— ஊருக்கே தெரிஞ்சிருக்கும். ஏழு வருஷம் போட்டாங்க. செத்த பையனோட சொந்தக்காரங்க எல்லாரும் மன்னிச்சுக் கையெழுத்துப் போட்டா விட்டுடலாம்னு நீதிபதி சொன்னாராம். அப்பா போட்டுட்டார். தம்பி போட்டுட்டான். அந்தம்மா மட்டும் போடல. உம்மு ஹைதம். அவங்க சொந்தப் பேரு என்னன்னு உஸ்தாதைக் கேட்டேன், ஹைதமோட அம்மா, அவ்வளவுதான், பொம்பளைங்க பேரை நாங்க சொல்றதில்லைன்னு எழுதிட்டார்.

— இங்க அப்படித்தான். மூத்த பையன் பேர்தான் அம்மாவுக்கும்.

— எங்க ஊர்லயும் என்னை மகாமே அம்மான்னுதான் கூப்பிடுவாங்க. ஆனா தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். பையன் போன பிறகும் அதே பேர்தானா?

— அதே பேர்தான். காய்கறிக்காரன் கூட அந்தப் பேரைத்தான் சொல்லிக் கூப்பிடுவான்.

— பாவம், எப்படித் திரும்பிப் பார்ப்பாங்களோ. ... ரெண்டு வருஷமா ஒரு கையெழுத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டிருக்காங்களேன்னு ஒவ்வொரு நாள் எனக்கு ஆத்திரமா வரும். நாம பெத்தவனும் தப்புப் பண்ணினவன்தானேன்னு அடங்கிப் போவேன். ஏன் போட மாட்டேங்கறாங்க, உனக்குத் தெரியுமா? அவ்வளவு கோபமா?

— முதல் வருஷம் கோபம்.

— அப்புறம்?

— அப்புறம்... அந்தம்மா கையெழுத்துப் போடாத வரைக்கும், வாரத்துக்கு ரெண்டு பேராவது அவங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. பள்ளிவாசல்ல இருந்து, சந்தையில இருந்து, உங்க ஆளுங்க. வந்து உட்கார்ந்து, ஹைதம் எப்படிப்பட்ட பையன்னு பேசுவாங்க. அவன் சிரிச்சது, அவன் கொடுத்தது. கையெழுத்துப் போட்டுட்டா அடுத்த வாரத்துல இருந்து யாரும் வர மாட்டாங்க. அந்த வீட்டுல அவன் பேரைச் சொல்ல ஆள் இருக்காது. வாயில பேரீச்சம்பழத்தைப் போடுங்க. காப்பிக்கு முன்னாடி இனிப்பு.

— இதை நான் யோசிச்சதே இல்ல. இப்படி ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. மகாமே உடம்புக்கு முடியலைன்னு அவங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?

— சொன்னாங்க. ரெண்டு தடவை. கையெழுத்து வாங்கறதுக்குச் சொல்ற பொய்னு நினைச்சாங்க.

— பொய்யா! ரத்தம் வர இருமறான்னு எழுதியிருந்துச்சு.

— இந்தக் கோப்பையைப் பிடிங்க. வலது கை. இடது கையால எதையும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. சூடு பார்த்து.

— இதென்ன, அடியில மட்டும் ஊத்தியிருக்கே? விருந்தாளிக்கு இவ்வளவுதானா?

— கொஞ்சமா ஊத்தினாத்தான் மரியாதை. இன்னும் இருங்கன்னு அர்த்தம். கோப்பை நிறைய ஊத்தினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம்.

— அட! எங்க வீட்டுல நிறைய ஊத்தாட்டி, பொண்ணு எடுக்கறப்ப ஊரே பேசும். ம்... ஏலக்காய். கசப்பு. நல்லா இருக்கு. ஏய், நான் கேக்காமலே மறுபடி ஊத்தறே?

— நீங்க போதும்னு சொல்லலியே.

— எங்க சொல்ல விட்டே? குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஊத்தறே. போதும் தங்கச்சி. போதும்! என் ரப்பே, நாலாவது!

— வாயால சொன்னாச் செல்லாது. கோப்பையை இப்படி ரெண்டு மூணு தடவை ஆட்டித் திருப்பிக் கொடுக்கணும்.

— முன்னாடியே சொல்றதுக்கென்ன? என் வயித்துல காப்பி அலையடிக்குது. ... சிரி, சிரி. உனக்குச் சிரிப்புதான் அழகு. இந்த மோதிரமும் அழகா இருக்கு, மீன் செதில் மாதிரி வேலைப்பாடு.

— இந்தாங்க.

— எதுக்குக் கழட்டறே?

— நல்லா இருக்குன்னு சொன்னீங்க. சொன்னாக் கொடுத்துடணும்.

— ஐயையோ, நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்! வேண்டாம், வேண்டாம்.

— திருப்பிக் கொடுத்தா எனக்கு அவமானம். போட்டுக்குங்க. அதான் சொல்றேன், இன்னொருத்தர் வீட்டுல எதையும் ரொம்பப் புகழாதீங்க. விரிப்பு நல்லா இருக்குன்னு சொன்னா விரிப்பைச் சுருட்டிக் கொடுத்துடுவாங்க.

— அப்ப அந்தம்மா வீட்டுல வாயை மூடிக்கிட்டு உட்காரறேன். சரி, சொல்லு. நாளைக்கு வாசல்ல இருந்து ஆரம்பி. தப்புப் பண்ணிடக் கூடாது. என் மகனைக் கூட்டிக்கிட்டுப் போறதும் விட்டுட்டுப் போறதும் அந்த ஒரு மணி நேரத்துலதான் இருக்கு.

— செருப்பு வெளியே. வலது காலை முதல்ல வைங்க. சலாம் சொல்லுங்க. கை நீட்டுங்க, நீங்களா அணைக்கப் போகாதீங்க.

— அவங்க அணைச்சா?

— அணைக்க மாட்டாங்க.

— சரி.

— உட்காரும்போது உள்ளங்கால் எதிர்ல இருக்கிறவங்களைப் பார்க்கக் கூடாது, மடக்கிக்குங்க. நலம் விசாரிப்பாங்க. பயணம் எப்படின்னு கேப்பாங்க. மகனைப் பத்தி நீங்களா எடுக்காதீங்க. பழம் வரும், ஒண்ணு எடுங்க. காப்பி வரும், வாங்குங்க. வாங்கி, குடிக்காம, உங்களுக்கு முன்னாடி தரையில வைங்க.

— குடிக்காமலா? கொடுத்ததைக் குடிக்காம வச்சா எங்க ஊர்ல மூஞ்சியில துப்பின மாதிரி!

— இங்க வேற மாதிரி. குடிக்காம வச்சா, நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்திருக்கேன்னு அர்த்தம். வீட்டுக்காரங்க ஏன் குடிக்கலைன்னு கேட்டே ஆகணும். கேட்டா நீங்க வந்த காரியத்தைச் சொல்லணும். அப்புறம் அவங்க, "குடிங்க, நீங்க வந்த காரியம் ஆச்சு"ன்னு சொல்லணும். அதைச் சொல்ற வரைக்கும் கோப்பையைத் தொடக் கூடாது. கோப்பை ஆறினா அந்த வீட்டுக்குத்தான் தலைகுனிவு. அப்படி வச்ச கோப்பைக்கு இங்க யாரும் முடியாதுன்னு சொன்னதில்ல.

— அடடா! இதுக்குத்தானா? "பெத்தவ நேர்ல வந்து என் முன்னாடி கோப்பையைக் கீழே வைக்கட்டும், அப்பப் பார்க்கலாம்"னு அந்தம்மா சொன்னதா உஸ்தாத் எழுதியிருந்தார். என்ன கோப்பை, எதுக்குன்னு ஊர்ல ஒருத்தருக்கும் புரியல. நம்மளை வேலைக்காரி மாதிரிப் பாத்திரம் எடுத்து வைக்கச் சொல்றாங்கன்னு என் தம்பி குதிச்சான். அந்தப் பேச்சுலயே ரெண்டு மாசம் போச்சு. அப்புறம் விசாவுக்கு ஒரு மாசம்.

— ...மூணு மாசம்.

— ஆமா, மூணு மாசம். நீ சொல்லலைன்னா நாளைக்கு நான் மரியாதையா எட்டுக் கோப்பை குடிச்சிட்டு வந்திருப்பேன், காரியத்தைச் சொல்லாமலே! உனக்கு அல்லா நன்மை செய்வான். வா, ஒரு தடவை செஞ்சு பார்ப்போம். நீ அந்தம்மா. நான் நான்.

— வேண்டாம் அக்கா.

— வெக்கப்படாதே. யாரு பார்க்கறா, கடல்காக்காதான். ஊத்து. கொஞ்சமா ஊத்து, நான் இன்னும் இருக்கணும். ஆங். வாங்கிட்டேன், வலது கை. இந்தா, வச்சுட்டேன். கேளு தங்கச்சி. ஏன் குடிக்கலைன்னு கேளு.

— ஏன்... ஏன் குடிக்கல?

— உம்மு ஹைதம், நான் உங்க சமையல் தின்னவனோட அம்மா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்க ரெண்டு பேருக்குச் சோறு கட்டி அனுப்புவீங்கன்னு என் மகன் எழுதுவான். இங்க எனக்கு இன்னொரு அம்மா இருக்கான்னு எழுதுவான். எனக்குப் பொறாமையாக் கூட இருந்துச்சு. உங்க வீட்டுல ஒரு தட்டு காலியானதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. எங்கிட்டக் கொடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு செய்வேன். நான் இருக்கிற வரைக்கும், மகாமே இருக்கிற வரைக்கும், எங்க வீட்டுல தினமும் ஹைதம் பேரைச் சொல்லுவோம்... இது இப்பத்தான் தோணுச்சு, நீ சொன்னதைக் கேட்டு. சேர்த்துக்கலாமா? ரொம்ப நீளமாப் போச்சோ?

— நீளமில்ல.

— அப்ப நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு. குடிங்க, நீங்க வந்த காரியம் ஆச்சு. சொல்லு. பிளாஸ்க்கைக் கீழே வை, கொட்டுது.

— என்னால அதைச் சொல்ல முடியாது.

— ஒத்திகைக்குத்தானே.

— ஒத்திகைக்கும் முடியாது. வெள்ளிக்கிழமைச் சோத்துல வெண்டைக்காய் போட்டா அவன் ஒண்ணு விடாம பொறுக்கி ஓரமா வைப்பான். டப்பா திரும்பி வரும்போது உள்ளே வெண்டைக்காய் மட்டும் வரிசையா அடுக்கியிருக்கும். ஹைதம் அதைக் காட்டிச் சிரிப்பான். அப்படிப் பார்க்காதீங்க அக்கா.

— வெண்டைக்காய். அவன் மூணு வயசுல இருந்து அப்படி. அது எனக்குத் தெரியும். சோறு கட்டினவளுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது.

— ஆமா.

— நீதானா? நீதான் உம்மு ஹைதமா?

— ஆமா. நான்தான்.

— என் ரப்பே! உன்கிட்டயா நான் இவ்வளவு நேரம்... உன் மோதிரத்தை வேற வாங்கி மாட்டிக்கிட்டேன்! ஆத்திரமா வருதுன்னு வேற சொன்னேனே! மன்னிச்சிரு தங்கச்சி. இல்ல, இல்ல, எப்படிக் கூப்பிடணும் உன்னை... உங்களை...

— தங்கச்சின்னே கூப்பிடுங்க. எந்திரிக்காதீங்க, என் காலைத் தொடாதீங்க அக்கா. நான் சொல்றதைக் கேளுங்க.

— முதல்ல நான் சொல்றதை நீ கேளு! நாளைக்கு எதுக்கு? கோப்பை இதோ இருக்கு. நான்தான் வச்சேன், உன் முன்னாடிதான் வச்சேன், ஏன் குடிக்கலைன்னு நீயும் கேட்டுட்டே. ஒத்திகைன்னு சொல்லாதே. நான் சொன்னது ஒத்திகை இல்ல, ஒரு எழுத்துக் கூட இல்ல.

— அக்கா...

— கோப்பை ஆறுது பாரு. ஆறினா உனக்குத் தலைகுனிவுன்னு நீதானே சொன்னே. ஒரு வார்த்தை சொல்லு. ஒரு கையெழுத்து.

— போட்டுட்டேன்.

— என்ன?

— கையெழுத்துப் போட்டுட்டேன். காகிதம் என் பையிலதான் இருக்கு. இந்தாங்க.

— இதா? இதுவா? இது அரபியில இருக்கு, எனக்கு ஒண்ணும் புரியல... இதுல எது உன் கையெழுத்து? இந்தக் கோணலா?

— அதுதான்.

— இதுல மகாமே பேர் எங்கே? விரலை வச்சுக் காட்டு. இதுவா? யா அல்லா, யா அல்லா. ஏழு எழுத்து கூட இல்ல, இதுக்கு ரெண்டு வருஷம்! அழறியா? அழு, நானும் அழறேன். வர்றவங்க போறவங்க பார்த்தாப் பார்க்கட்டும். வாசல்ல நிக்க வைக்காம, என்னைக் கெஞ்ச விடாம, நீயே ஏர்போர்ட்டுக்கு வந்து... சால்வை போடு, தண்ணி குடின்னு... இப்ப புரியுது, ஏன் நீ ஒரே ரோட்டை ரெண்டு தடவை சுத்தினேன்னு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தானே?

— ஆமா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்.

— பைத்தியக்காரி. நல்ல சேதியைச் சொல்ல இவ்வளவு தயக்கமா! இப்ப நான் இதைக் குடிக்கலாம்ல? குடிக்கிறேன். ம். ஆறினாலும் தேன். ரொட்டியைப் பிரிச்சு உனக்கு ஒரு துண்டு தர்றேன், மீதி அவனுக்கு. அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டுத்தான் அவன் அந்த வாசல்ல இருந்து வெளியே வரணும். எப்ப விடுவாங்க? நாளைக்கேவா? நீ ஜெயிலைப் பத்தி வாயே திறக்கல, இதுக்குத்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சே! உன் கோப்பையைக் கொடு, நான் ஊத்தறேன். இப்ப நான்தான் வீட்டுக்காரி, நீ விருந்தாளி. பாரு, கத்துக்கிட்டேன், கொஞ்சமாத்தான் ஊத்தறேன். போயிடாதே, இன்னும் இரு. இந்தா.

— ...

— என்ன தங்கச்சி, குடிக்காம கீழே வைக்கறே? ஓ! நீயும் என்கிட்ட ஒண்ணு கேக்கணுமா? முறைப்படி நான் கேக்கணும்ல? ஏன் குடிக்கல? கேளு, எதை வேணா கேளு. என் மகனையே கையில கொடுத்தவளுக்கு நான் எதை இல்லைன்னு சொல்லப் போறேன்? கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். குடி, நீ வந்த காரியம் ஆச்சு!

— அக்கா, நான் கையெழுத்துப் போட்டது நேத்து. மகாமே மூச்சு நின்னது முந்தாநாள்.